லியோனார்டோவின் கண்ணாடிக் கோளம் தப்பா? ‘உலக மீட்பர்’ ஓவியங்களைப் பார்க்கும் முறை

கேள்வி இதுதான்: 45 கோடி டாலருக்கு விலைபோன லியோனார்டோ டா வின்சியின் ‘சால்வேட்டர் முண்டி’ ஓவியத்தில் இயேசுவின் இடக்கையில் ஒரு கண்ணாடி உருண்டை இருக்கிறது. அதற்குப் பின்னால் உள்ள உடை மடிப்பு தலைகீழாகத் தெரிய வேண்டும், ஆனால் சாதாரணமாகத் தெரிகிறது. ஒளியியலை அவ்வளவு ஆராய்ந்த ஆள் இப்படித் தவறுவாரா? அந்த உருண்டைக்கும் தூக்கிய விரல்களுக்கும் என்ன பொருள்? ஒரு படத்தைப் பார்த்ததும் ‘உலக மீட்பர்’ வகை என்று எப்படிக் கண்டுகொள்வது?

கடைசிக் கேள்வியிலிருந்து வருகிறேன். இந்த வகையில் ஓவியருக்குக் கை நீட்ட எவ்வளவு இடம் இருந்தது என்று தெரியாமல் கோளத்தைச் சரி, தப்பு என்று சொல்வது வீண்.

கத்தோலிக்கக் கோயில்களில் குழந்தை இயேசு சிலையைப் பார்த்திருப்பீர்கள். தலையில் கிரீடம், ஆசி கூறும் வலக்கை, சிலுவை வைத்த உருண்டையைத் தாங்கும் இடக்கை. இதன் மூலச்சிலை ப்ராக் நகரில் இருக்கிறது. மரத்தின் மேல் மெழுகு கொண்டு செய்த, 47 செ.மீ. உயரமே உள்ள 16ஆம் நூற்றாண்டு ஸ்பானிய வேலை. 1628இல் கார்மேல் சபைத் துறவிகளிடம் வந்தது. அந்தக் குழந்தையை வளர்ந்தவராக்கி, கிரீடத்தை எடுத்துவிட்டு, மார்பளவில் நேருக்கு நேர் நிறுத்தினால் அதுதான் உலக மீட்பர் ஓவியம். காலவரிசையில் ஓவிய வகைதான் மூத்தது.

‘சால்வேட்டர் முண்டி’ என்ற லத்தீன் தொடருக்கு உலகத்தின் மீட்பர் என்று பொருள். பழைய தமிழ் வேதாகமத்தில் ‘உலகரட்சகர்’ என்று ஒரே சொல்லாக வரும். புதிய ஏற்பாட்டில் இந்தப் பட்டம் இரண்டே இடங்களில்: யோவான் நற்செய்தி 4:42இல் சமாரியர்கள் சொல்வது, யோவானின் முதல் கடிதம் 4:14இல் வருவது. அதே பட்டத்தைக் கிரேக்கக் கல்வெட்டுகள் ரோமப் பேரரசர்களுக்கும் சூட்டியிருக்கின்றன. கையிலுள்ள உருண்டையும் அங்கிருந்து வந்ததுதான். ரோம நாணயங்களில் பேரரசர் பிடித்திருக்கும் கோளத்தின் மேல் வெற்றித் தெய்வம் நிற்பாள். 5ஆம் நூற்றாண்டு நாணயங்களில் அவள் நின்ற இடத்தில் சிலுவை ஏறிவிட்டது. ஆக, உலகை ஆளுபவரின் சின்னத்தை ஏந்தி ஆசி வழங்கும் உருவம் இது. பக்திப் படம் என்றாலும் அதற்குள் ஓர் அரசியல் இருக்கிறது.

இதனோடு குழப்பிக்கொள்ளப்படும் சில வகைகள் உண்டு. கிழக்குத் திருச்சபையின் ‘பான்டோக்ராட்டோர்’, அதாவது அனைத்தையும் ஆள்பவர், இடக்கையில் நற்செய்தி நூல் வைத்திருப்பார். சீனாய் புனித கத்தரீன் மடத்தில் உள்ள 6ஆம் நூற்றாண்டு மெழுகு வண்ணப் படம் அதற்குப் பேர்போன முன்மாதிரி. உடம்பில் காயங்களோடு தளர்ந்து நிற்பவர் ‘துயரங்களின் மனிதர்’. கழுத்துக்குக் கீழே எதுவும் இல்லாமல் முகம் மட்டும் இருந்தால் ‘திருமுகம்’. கொடி பிடித்திருந்தால் உயிர்த்த கிறிஸ்து. நம் வீடுகளில் விளக்கு எரியும் திரு இருதய ஆண்டவர் படம் இவை எல்லாவற்றுக்கும் பிந்தியது. பொம்பெயோ பத்தோனி 1767இல் ரோமின் ஜெசு ஆலயத்துக்கு வரைந்த படத்தின் வழிவந்தது.

நடைமுறையில் எல்லை இவ்வளவு கறாராக இருக்காது. கோளமே இல்லாத படத்துக்கும் அருங்காட்சியகங்கள் இந்தப் பெயரை வைத்திருக்கின்றன. பெயர்ப்பலகை பெரும்பாலும் பிற்காலத்தவர் எழுதியது, அதை நம்பிப் படத்தைப் பார்க்கத் தேவையில்லை. நேர்முகம், மார்பளவு, நம்மை நோக்கிய ஆசிக்கை ஆகிய மூன்றும் இருந்தால் குடும்பம் இதுதான். கோளம் அந்தக் குடும்பத்தின் குலச்சின்னம் என்று வைத்துக்கொள்ளலாம்.

முகத்தில் ஓவியர் கைவைக்க முடிந்தது மிகக் குறைவு. இடைக்காலத்தின் பிற்பகுதியில் லெந்துலுஸ் என்ற ரோம அதிகாரி எழுதியதாக ஒரு கடிதம் ஐரோப்பா முழுக்க உலவியது. இயேசுவின் தலைமுடி பழுக்காத ஹேசல் கொட்டையின் நிறம், நடுவகிடு, காது வரை வழுவழுப்பு, அதற்குக் கீழே சுருள், தாடி நீளமில்லாமல் நடுவில் பிளந்தது என்றெல்லாம் அதில் வர்ணனை. கடிதம் போலி என்று 15ஆம் நூற்றாண்டிலேயே இத்தாலிய அறிஞர் லொரென்சோ வல்லா சொல்லிவிட்டார். ஓவியர்கள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. யான் வான் ஐக் 1438இல் வரைந்த திருமுகத்தின் பழைய பிரதி பெர்லினில் இருக்கிறது; லியோனார்டோ வகைப் படத்தை அதன் பக்கத்தில் வைத்தால் வகிடு, சுருள், பிளந்த தாடி மூன்றும் அப்படியே பொருந்தும். அறுபது ஆண்டு இடைவெளி, ஆல்ப்ஸ் மலைக்கு அந்தப்புறமும் இந்தப்புறமும், ஆனாலும் ஒரே முகம்.

நேர்முகம் என்பது அழகுக்காக எடுத்த முடிவும் இல்லை. கண்மணி கண்ணின் நடுவில் இருந்து, முகம் நேராக இருந்தால் பார்ப்பவர் எங்கே நகர்ந்தாலும் படம் அவரையே பார்க்கும். தட்டையான பரப்பு கோணம் மாறினாலும் உள்ளிருக்கும் பார்வையின் திசையை மாற்றிக் காட்டாது, காரணம் அவ்வளவுதான். 1453இல் குசா நகர நிக்கோலாஸ் என்ற கர்தினால் ஜெர்மனியின் தெகர்ன்சே மடத்துத் துறவிகளுக்கு இப்படி ஒரு படத்தையும் ஒரு நூலையும் அனுப்பினார். வடக்குச் சுவரில் மாட்டுங்கள். ஒருவர் கிழக்கிலிருந்து மேற்காகவும் இன்னொருவர் மேற்கிலிருந்து கிழக்காகவும் நடங்கள். படம் இருவரையும் ஒரே நேரத்தில் பின்தொடர்வதைப் பாருங்கள் என்று செய்முறையும் சொன்னார். கடவுளின் பார்வை எல்லோர் மேலும் எப்படி ஒரே சமயத்தில் இருக்க முடியும் என்பதற்கு அவருக்குக் கிடைத்த உவமை அந்தப் படம். முகத்தை முக்கால் பக்கம் திருப்பினாலும் கண்கள் நம்மைப் பார்த்தால் இந்த வேலை நடக்கும். ஆனாலும் முக்கால் முகம் உருவப்பட உலகில் வழக்கமாகிவிட்ட பிறகும் உலக மீட்பர் மட்டும் பழைய பாணியில் நேராகவே நின்றார்.

முகத்தில் அசைய இடமில்லாததால் ஓவியரின் திறமையெல்லாம் கைக்கும் கோளத்துக்கும் போய்ச் சேர்ந்தது.

ஆசிக்கையில் இரண்டு மரபுகள். லத்தீன் முறையில் பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் நீண்டிருக்கும்; மோதிரவிரலும் சுண்டுவிரலும் மடங்கியிருக்கும். நீண்ட மூன்று மூவொரு கடவுளுக்கு, மடங்கிய இரண்டு கிறிஸ்துவின் இறையியல்பு, மனித இயல்பு இரண்டுக்கும் என்பது விளக்கம். கிரேக்க முறையில் விரல்களே எழுத்துகள். சுட்டுவிரல் நேராக நின்றால் ‘அயோத்தா’, நடுவிரல் பிறைபோல் வளைந்தால் ‘சிக்மா’, பெருவிரலும் மோதிரவிரலும் குறுக்கிட்டால் ‘கி’, சுண்டுவிரல் வளைந்தால் மறுபடி ‘சிக்மா’. இயேசு, கிறிஸ்து என்ற இரு பெயர்களின் முதலெழுத்தும் கடைசி எழுத்தும் அவை. சகாய மாதா படத்தில் குழந்தையின் பக்கத்தில் பொன் பின்னணியில் எழுதியிருப்பதும் இதே நான்கு எழுத்துகள்தான். அந்தப் படம் கிரேக்க மரபில் வந்தது என்பதற்கு அதுவே கையெழுத்து. இத்தாலிய ஓவியர்கள் லத்தீன் முறையைத்தான் பின்பற்றினார்கள், ஆனால் விரல் கணக்கில் பிசகுவது உண்டு. பெருவிரல் எங்கே போக வேண்டும் என்பதில்தான் தகராறு.

கை விஷயத்தில் ஆகச் சிறந்த பாடம் அந்தோனெல்லோ தா மெஸ்ஸினாவின் படம். லண்டன் நேஷனல் கேலரியில் இருக்கிறது, 38.7 × 29.8 செ.மீ., ஏ3 தாளைவிடச் சற்றே சிறியது. கோளம் இல்லை. முன்னால் ஒரு குட்டைச் சுவர். அதன் விளிம்பில் இடக்கை விரல்கள் தொட்டுக்கொண்டிருக்கின்றன. ஆசிக்கையின் மேலேயும் கழுத்தருகிலும் வெறுங்கண்ணுக்கே ஒரு பேய்நிழல் தெரியும். அது முதலில் வரைந்த கையும் சட்டைக் கழுத்தும். முதலில் கையை மேலே, பழைய வழக்கப்படி தட்டையாக நிறுத்தியிருந்தார். பிறகு அதை அழித்து, கீழே இறக்கி, விரல்கள் நம்மை நோக்கி வருவதுபோல் குறுக்கி வரைந்தார். சட்டைக் கழுத்தையும் தாழ்த்தினார். அந்த ஒரு திருத்தத்தில் ஆசி படத்துக்குள் நடக்கும் சடங்காக இருந்த நிலை போய், சுவரைத் தாண்டி நம் பக்கம் நீளும் கையாகிவிட்டது.

மறைத்த கை ஏன் இப்போது தெரிகிறது என்று கேட்பீர்கள். எண்ணெய் வண்ணம் வயதாக ஆக, எண்ணெயின் ஒளிவிலகல் எண் (ஒளியை எவ்வளவு வளைக்கிறது என்ற அளவு) கூடி, அதில் கலந்த வெள்ளை ஈய நிறமியின் எண்ணை நோக்கி நெருங்குகிறது. ஈயம் எண்ணெயோடு வினைபுரிந்து சோப்பு போன்ற பொருளும் உண்டாகிறது. இரண்டும் சேர்ந்து மேல்பூச்சை ஊடுருவித் தெரிய வைக்கின்றன. ஐந்நூறு ஆண்டுக்கு முன் நன்றாக மூடியிருந்த தவறு இன்று வெளியே வருகிறது. இத்தாலியர்கள் இதற்குப் ‘பென்டிமென்டோ’, மனவருத்தம், என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

இதே படத்தின் சுவரில் ஒட்டியதுபோல் வரைந்த காகிதச் சீட்டில் இன்னொரு புதிர். ஆண்டு 1465 என்று எழுத்தில் இருக்கிறது. கூடவே ‘எட்டாம் இண்டிக்‌ஷன்’ என்றும் இருக்கிறது. இண்டிக்‌ஷன் என்பது 15 ஆண்டுச் சுழற்சி. ஆண்டோடு 3 கூட்டி 15ஆல் வகுத்தால் வரும் மீதிதான் அந்த ஆண்டின் எண். 1465க்கு மீதி 13. 1475க்கு மீதி 8. ஒன்று ஆண்டை எழுதும்போது பத்து விட்டுப்போயிருக்க வேண்டும், அல்லது சுழற்சி எண் தப்பாக இருக்க வேண்டும். 1475 என்றால் அந்தோனெல்லோ வெனிசில் இருந்த காலம். படத்தில் கையொப்பமும் தேதியும் இருந்துவிட்டால் ஆராய்ச்சி முடிந்தது என்று நினைப்பவர்களுக்கு இந்தச் சீட்டைக் காட்டலாம்.

இனி கோளம். பழைய வகை உலோகக் கோளம்: குறுக்கே ஒரு பட்டை, மேல்பாதியில் நெடுக்காக இன்னொன்று, உச்சியில் சிலுவை. அந்தப் பட்டைகளை இடைக்கால உலக வரைபடத்தோடு சேர்த்துப் பார்ப்பது வழக்கம். வட்டத்தை மூன்றாகப் பிரித்துப் பாதியை ஆசியாவுக்கும் மீதியை ஐரோப்பா, ஆப்பிரிக்கா இரண்டுக்கும் கொடுத்த வரைபடம் அது. அடுத்து வந்தது ஒளி ஊடுருவும் கோளம். இதை வளர்த்தவர்கள் ஃபிளாண்டர்ஸ் ஓவியர்கள், இன்றைய பெல்ஜியம் பக்கத்தவர்கள். ரோகியர் வான் டெர் வெய்டன் 1452 வாக்கில் வரைந்த மூன்று பலகைப் படம் பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது; பிராக் (Braque) என்ற குடும்பத்தின் பெயரால் அழைக்கப்படுவது. நடுவில் உலக மீட்பர். கையிலுள்ள கோளத்தில் ஒரு சாளரம் பிரதிபலிக்கிறது. படத்திலோ திறந்த வெளி நிலக்காட்சி, சாளரமே கிடையாது! ஓவியரின் அறைச் சாளரமா, படத்தை மாட்டப்போகும் அறையின் சாளரமா என்ற பேச்சு எழாமல் இருக்காது. சாளரத்தின் குறுக்குச் சட்டம் பளபளப்பில் சிலுவையாகவும் விழும். கண்ணாடியை உடைக்காமல் ஊடுருவும் ஒளி கன்னித்தாயின் கருவுக்கு உவமை என்பதும் அன்றைய மறையுரைகளில் அடிக்கடி வருவது. ஒரே ஒரு வெள்ளைத் தீற்றலுக்கு இத்தனை வேலை.

ஹான்ஸ் மெம்லிங் ஸ்பெயினின் நாஹெரா மடத்துக்காக வரைந்து இன்று ஆன்ட்வெர்ப்பில் இருக்கும் பிரம்மாண்டமான பலகைகளில் பளிங்குக் கோளம் (பளிங்கு என்று இங்கே சொல்வது ஒளி ஊடுருவும் ஸ்படிகத்தை) அரச ஆடம்பரத்தோடு வருகிறது. டிஷியன் 1570 வாக்கில் வரைந்த படம் (ரஷ்யாவின் ஹெர்மிடாஜ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது) கண்ணாடியைத் தளர்ந்த தூரிகைத் தடங்களாலேயே சமாளித்துவிடுகிறது. இவர்கள் எல்லோரும் உழைத்தது பெரும்பாலும் கோளத்தின் மேல்பரப்பில் விழும் ஒளிக்காகத்தான். உள்ளே ஒளி எப்படி வளைகிறது என்பதைக் காட்டுவது இந்த வகையின் கவலையாக இருந்ததில்லை. லியோனார்டோ கேள்விக்கு இதை மனத்தில் வைத்துக்கொண்டு போக வேண்டும்.

முதலில் இயற்பியல். திடக் கண்ணாடி உருண்டை ஒரு குவிலென்சு. ஒளிவிலகல் எண் 1.5 என்றால் குவியம் மையத்திலிருந்து ஒன்றரை ஆரத் தொலைவில், அதாவது உருண்டையின் பின்பரப்பிலிருந்து அரை ஆரம் தள்ளி விழும். பின்னாலிருக்கும் பொருள் அந்த அரை ஆரத்துக்குள் இருந்தால் நிமிர்ந்து, பெரிதாகத் தெரியும். தாண்டினால் தலைகீழ், இடவலமும் மாறும். ஆரம் 7 செ.மீ. என்று கொண்டால் எல்லை 3.5 செ.மீ. வீட்டில் சோதிக்க விரும்பினால் உருண்டைக் கண்ணாடிக் குடுவையில் தண்ணீர் நிரப்பி எட்ட நின்று பாருங்கள். தண்ணீரின் எண் 1.33 என்பதால் எல்லை ஒரு முழு ஆரத்துக்குத் தள்ளிப்போகும். அதே குடுவையைக் காலியாக்கினால் நடுவில் எல்லாம் நேராகத் தெரியும், விளிம்பில் மட்டும் கோணல்.

கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகக் கணினி வரைகலை ஆய்வாளர்கள் 2019இல் இதைத்தான் கணினியில் செய்து பார்த்தார்கள். 6.8 செ.மீ. ஆரமும் 1.3 மி.மீ.க்கு மிகாத சுவரும் கொண்ட உள்ளீடற்ற கோளம் என்று கொண்டால் படம் ஒளியியலோடு ஒத்துப்போகிறது என்பது அவர்கள் முடிவு. ஆனால் கலை வரலாற்றாளர் மார்ட்டின் கெம்ப் கோளத்துக்குள் இருக்கும் சின்னஞ்சிறு மினுக்குகளைக் காட்டி, இது கண்ணாடியே இல்லை, இயற்கைப் பளிங்கு என்கிறார். கண்ணாடியில் அடைபட்ட காற்று வட்டக் குமிழாக இருக்கும். பளிங்குக்குள் அடைபட்டவை ஒழுங்கற்ற வடிவில் மின்னும். படத்தில் இருப்பவை இரண்டாவது ரகம். பளிங்கு என்றால் திடப்பொருள், திடப்பொருள் என்றால், உடை அந்த அரை ஆர எல்லையைத் தாண்டியிருக்கும்போது, தலைகீழ்க் காட்சி வந்தே ஆக வேண்டும். ஆகவே இரண்டு விளக்கங்களும் ஒன்றையொன்று முட்டுகின்றன.

இந்த முட்டலுக்கு ஓவியத்தின் வேலையிலிருந்து ஒரு விடை உண்டு. உண்மையான பளிங்குக் கோளத்தை உள்ளபடி வரைந்தால், இயேசுவின் மார்புக்கு முன்னால் தலைகீழான உடை, திரும்பிய ஒளி, பிதுங்கிய உள்ளங்கை என்று ஒரு வித்தைக்காட்சி உருவாகும். கண் முதலில் அங்கே போய் நிற்கும், முகம் இரண்டாமிடம். செபிப்பதற்கான படத்துக்கு அது ஆகாது. பொருளின் அடையாளத்துக்காகப் பளிங்கின் மினுக்கு, பார்ப்பவரின் அமைதிக்காக வெற்றுக் கோளத்தின் தெளிவு. இரண்டையும் ஒட்டவைத்தது அறியாமையால் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கோளத்தில் சிலுவையும் பட்டையும் இல்லாததையும் சேர்த்துப் பாருங்கள். அன்றைய வானியலில் விண்மீன்கள் பதிந்த வானங்கள் பளிங்குக் கோளங்கள். சிலுவை வைத்த பொன் உருண்டை ஓர் அரசு. சிலுவையில்லாத பளிங்கு உருண்டை முழுப் பிரபஞ்சம்.

இதே படத்தில் முகம் மங்கலாகவும் கையும் கோளமும் கூர்மையாகவும் இருப்பதைப் பலர் கவனித்திருப்பார்கள். அருகில் உள்ளது தெளிவு, பின்னால் உள்ளது மென்மை என்று லியோனார்டோ வேண்டுமென்றே செய்தது என்பது ஒரு விளக்கம். முகத்தின் மேல்பூச்சு பல நூற்றாண்டுச் சுத்திகரிப்பில் தேய்ந்து போயிருக்கிறது என்பதும் உண்மை. எது எவ்வளவு என்று பிரிக்க முடியாத இடம் இது. மங்கலைப் பார்த்ததும் உடனே மேதைமை என்று எழுதிவிடுபவர்கள் தேய்மானத்தைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

உடையைப் பற்றிச் சுருக்கமாக: வழக்கம் சிவப்பு அங்கியும் நீல மேலாடையும். லியோனார்டோ படத்தில் முழுக்க நீலம், மார்பில் குறுக்காகப் போகும் பூவேலைப் பட்டை. குருக்கள் பூசைக்குக் கழுத்திலிட்டு மார்பில் குறுக்காகக் கட்டிக்கொண்ட பட்டையின் சாயல் அது. அரசரின் உருவத்தில் குருவின் அடையாளமும் சேர்கிறது. ஒளிவட்டம் இல்லை. கிறிஸ்துவுக்கு மட்டுமே உரிய சிலுவை பொறித்த ஒளிவட்டம் 15ஆம் நூற்றாண்டில் மூன்று கற்றைக் கதிர்களாகச் சுருங்கி, பிறகு சில படங்களில் முழுக்கவே போய்விட்டது.

இந்தப் படங்கள் செய்யப்பட்ட விதம் தெரிந்தால் பார்க்கும்போது பாதிக் கேள்விகள் தீரும். பலகை ஊருக்கு ஊர் மாறும்: மத்திய இத்தாலியில் பாப்ளர், மிலான் பக்கம் அக்ரூட், ஃபிளாண்டர்ஸில் ஓக், ஜெர்மனியில் லிண்டன். அதன் மேல் பசையோடு கலந்த வெண்பூச்சு, இத்தாலியில் ஜிப்சம், வடக்கே சுண்ணக்கட்டி. இத்தாலிய ஓவியர் சென்னினோ சென்னினியின் பட்டறைக் கையேடு நைஸான ஜிப்சத்தை எட்டுப் பூச்சு பூசச் சொல்கிறது. ஒரே படத்துக்குப் பல பிரதிகள் வேண்டும் என்பதால் முழு அளவு வரைபடத்தின் கோடுகளில் ஊசியால் துளையிட்டு, பலகையில் வைத்துக் கரித்தூள் மூட்டையால் தட்டுவார்கள். நம் கோலப் பொடி அச்சின் தத்துவம். அகச்சிவப்புப் படத்தில் அந்தப் புள்ளிகள் தெரிந்தால் வரைபடம் வேறெங்கோ இருந்தது என்று அர்த்தம்.

முட்டைக்கரு வண்ணக்காரர்கள் முகத்துக்கு முதலில் பச்சை மண் பூசி, அதன் மேல் இளஞ்சிவப்பு ஏற்றினார்கள். சுத்தம் செய்கிறேன் என்று யாராவது அதிகமாகத் தேய்த்திருந்தால் பச்சை வெளியே வந்து இயேசுவின் கன்னம் நோயாளியின் கன்னமாகிவிடும். நீலத்தில் விலை உயர்ந்தது ஆப்கானிஸ்தானின் பதக்‌ஷான் மலையிலிருந்து வந்த லாபிஸ் லாசுலி என்ற கல். லியோனார்டோ படத்தின் அங்கியில் இருப்பது அதுதான். காசைப் பார்த்தவர்கள் கீழே அசுரைட் என்ற மலிவான நீலம் பூசி மேலே மட்டும் லாபிஸ் போட்டார்கள். லாபிஸ் சில இடங்களில் சாம்பல் பூத்ததுபோல் வெளுக்கும். சாயத்தால் செய்த சிவப்பு வெளிச்சத்தில் மங்குவதால், ஊதா நிறத்துக்கு அதோடு நீலம் கலந்து பூசிய உடை இன்று வெறும் நீலமாக நிற்கும். எனவே ‘ஓவியர் ஏன் நீலத்தைத் தேர்ந்தெடுத்தார்’ என்று விளக்கம் எழுதுமுன் மடிப்பின் ஆழத்திலும் சட்டம் மறைத்த ஓரத்திலும் ஊதா மிச்சமிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

மரமும் சும்மா இருக்காது. 65.7 × 45.7 செ.மீ. அளவுள்ள லியோனார்டோ பலகையின் கீழ்ப்பகுதியில் ஒரு கணு. கணுவைச் சுற்றி மரம் வேறு திசையில் சுருங்கும். அங்கேதான் பிளவு தொடங்கியது. பிளவை ஒட்டவும் வளைவை நிமிர்த்தவும் செய்த பழைய வேலைகள் வண்ணத்தை மேலும் கெடுத்தன. மேலே மேலே பூசிய வண்ணத்தில் முகமே மாறிப்போய், 1958இல் லண்டன் ஏலத்தில் லியோனார்டோவின் சீடர் போல்த்ராஃபியோ பெயரில் 45 பவுண்டுக்குப் போனது. 2005இல் நியூ ஆர்லியன்ஸ் ஏலத்தில் வாங்கியவர்கள் மேல்பூச்சைக் களைந்தபோது வலக்கைப் பெருவிரலுக்குப் பக்கத்தில் இன்னொரு பெருவிரல் வெளிவந்தது. முதலில் நிமிர்த்தி வரைந்து, பிறகு மாற்றியிருக்கிறார். அந்தோனெல்லோ சிக்கிய அதே இடம், ஆசிக்கை. பிரதி எடுப்பவன் விரலை மாற்றி யோசிக்க மாட்டான் என்பதால் இது மூலப்படம் என்ற வாதத்துக்கு அந்தப் பெருவிரல் பெரிய பலமானது. இங்கிலாந்தின் வின்சர் அரண்மனையில் உள்ள, சிவப்புச் சுண்ணக்கட்டியால் வரைந்த இரண்டு உடை வரைபடங்களும், வென்செஸ்லாஸ் ஹோலார் 1650இல் லியோனார்டோ வரைந்ததாகக் குறிப்பிட்டுச் செதுக்கிய செப்புத்தகட்டுப் படமும் மற்ற சான்றுகள்.

ஆனாலும் பெருவிரல் நிரூபிப்பது யாரோ ஒருவர் யோசித்துத் திருத்தினார் என்பதை மட்டுமே. அந்த ஒருவர் பட்டறையில் இருந்த திறமையான உதவியாளராகவும் இருக்கலாம். 2011இல் லண்டன் நேஷனல் கேலரி லியோனார்டோவின் படமாகவே காட்சிக்கு வைத்தது; 2017 நவம்பர் 15 அன்று கிறிஸ்டீஸ் ஏலத்தில் 45.03 கோடி டாலர். 2021இல் ஸ்பெயினின் பிராடோ அருங்காட்சியகம் தன் கண்காட்சி நூலில் லியோனார்டோவின் கை என்று உறுதியாகச் சொல்லும் பட்டியலில் இதைச் சேர்க்கவில்லை. கையும் பட்டையின் முடிச்சு வேலையும் ஒரு தரம். மறுசீரமைப்பில் நிரப்பப்பட்ட பகுதிகள் வேறு தரம். விலையை வைத்துப் பார்த்தால் எதுவும் தெளியாது.

அடுத்த முறை இந்த வகைப் படம் எதையாவது பெரிதாக்கிப் பார்க்கும்போது முகத்தைக் கடைசிக்கு ஒதுக்குங்கள். முதலில் விளிம்பு: வண்ணம் பலகையின் ஓரத்துக்கு முன்பே மேடிட்டு நின்றால் படம் வெட்டப்படவில்லை, ஓரம் வரை ஓடி வெட்டுப்பட்டிருந்தால் மடக்குப் பலகையின் பாதியாகவோ பெரிய படத்தின் துண்டாகவோ இருந்திருக்கலாம். க்வென்டின் மாசைஸ் இப்படி இயேசுவையும் செபிக்கும் மரியாவையும் இரட்டைப் பலகைகளாக வரைந்தவர். பிறகு ஆசிக்கை எது என்று பாருங்கள். இடக்கையாக இருந்தால் படத்தில் குற்றமில்லை, பெரும்பாலும் அச்சுப் படத்தைப் பார்க்கிறீர்கள்: தகட்டில் நேராகச் செதுக்கியது தாளில் இடவலம் மாறி விழுந்திருக்கும். பிறகு பெருவிரலைச் சுற்றி நிழல் உண்டா, கோளத்தில் ஒளி எந்தப் பக்கத்திலிருந்து விழுகிறது, அதே பக்கத்திலிருந்துதான் முகத்திலும் விழுகிறதா என்பவை. இரண்டும் பொருந்தாவிட்டால் கோளம் வேறொரு படத்திலிருந்து இறக்குமதியாக இருக்கலாம்.

முகத்தை எப்போது வரைந்தார்கள் என்பதற்கு நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் உள்ள ஆல்பிரெக்ட் டூரரின் படத்தைப் பாருங்கள். 1505இல் இத்தாலிக்குக் கிளம்புமுன் தொடங்கி, முடிக்காமல் விட்டது. உடையின் மடிப்புகள் முழுதாக முடிந்து பளபளக்கின்றன. முகமும் இரண்டு கைகளும் மட்டும் நுணுக்கமான கோட்டு வரைபடமாகவே நிற்கின்றன.